சங்கிலிக் கப்பியைக் கையாளும் முறையும் பேணும் முறையும்

கமத்தொழிலில் இயந்திரங்களின் உபயோகம் பெருகப் பெருக, பாரமான பொருட்களைத் தூக்கவும் இறக்கவும் வேண்டிய தேவையும் பெருகியுள்ளது. கிணற்றினுள் தட்டில் வைத்த நீர்ப்பம்பியை மாரி தொடங்குமுன் மேலே எடுத்தல், இருசில்லு உழவு இயந்திரத்தின் எஞ்சினைக் கழற்றிப் பழுது பார்த்தல், கிணற்றை ஆழமாக்கும்போது கல்லையும் சேற்றையும் வெளியேற்றல், கொங்கிறீற்று வளையங்களைக் கிணற்றினுள் இறக்கல் முதலிய வேலைகளை முன்னர் அயலவர் பலர் கூடிக் கயிறு பிடித்துச் செய்தனர். இப்பொழுது செயின் புளொக் என யாவரும் அழைக்கும் சங்கிலிக் கப்பியைக் கொண்டு ஒருவரோ இருவரோ அவற்றைச் செய்து முடிக்கின்றனர். சிலர் தாமே ஒரு கப்பியை வாங்கி வைத்திருக்கின்றனர்; வேறு சிலர் கராச்சிலிருந்து நாட்கூலிக்கு எடுத்து வருகின்றனர்.

இக்கருவிக்கு மின்சாரமும் எரிபொருளும் வேண்டியதில்லை. விலையும் ஏனைய இயந்திரங்களோடு ஒப்பிடுமிடத்து அதிகமன்று. ஆயினும், ஒரு கையின் இழுவையால் ஒரு தொன்னைத் தூக்கவல்ல கருவி, அக்கை செய்யும் ஒரு தவற்றினால் ஒரு தொன்னை விழச் செய்யவும் வல்லது. சங்கிலிக் கப்பியால் நேரும் விபத்துக்களிற் பெரும்பாலானவை கப்பியின் குறையால் அல்ல, அதை உபயோகிக்கும் முறையின் குறையாலேயே நேர்கின்றன. ஆகையால் கமக்காரரும் தோட்டக்காரரும் இக்கருவியைப் பற்றி அறிந்திருக்கவேண்டிய முக்கிய விடயங்கள் இப்பிரசுரத்தில் ஒழுங்காகத் தரப்படுகின்றன.

1. கப்பியின் அமைப்பு

சங்கிலிக் கப்பியில் இரண்டு சங்கிலிகள் உண்டு. மெல்லியதாய், இரு முனையும் பொருந்தி வளையமாகத் தொங்குவது கைச் சங்கிலி. தடித்ததாய், நுனியிற் கொளுக்கி பூட்டப்பட்டிருப்பது பாரச் சங்கிலி. கப்பியை மேலே மாட்டுவதற்கு மேற்கொளுக்கியும், பாரத்தை மாட்டுவதற்குக் கீழ்க்கொளுக்கியும் உள்ளன. கொளுக்கியின் வாயை மூடி நிற்கும் சிறு தகடு பாதுகாப்புத் தாழ் எனப்படும்.

உட்புறத்தில் பெரிதும் சிறிதுமான பற்சில்லுகள் ஒன்றையொன்று சுழற்றுகின்றன. கைச் சங்கிலியை நெடுந்தூரம் இழுக்கும்போது பாரம் சிறிது தூரமே உயர்கின்றது. ஒரு தொன் தூக்கும் கப்பிகள் பலவற்றில், பாரம் ஓர் அடி உயர்வதற்குக் கைச் சங்கிலியை 40 முதல் 50 அடி வரை இழுக்கவேண்டும். தூரத்தைக் கொடுத்துப் பலத்தைப் பெறுவதே இதன் தத்துவம். 

இவையெல்லாவற்றிலும் முக்கியமானது பிறேக் எனப்படும் தடுப்பாகும். கைச் சில்லின் பின்னால் உராய்வுத் தட்டுக்களும், அவற்றினிடையே வாள்போன்ற பற்களையுடைய ஒரு சில்லும், அப்பற்களில் விழுந்து பிடிக்கும் ஒரு தடைநாக்கும் இருக்கின்றன. பாரத்தை உயர்த்தும்போது தடைநாக்குப் பல்லுக்குப் பல் விழுவதாற் "டிக், டிக்" என்னும் ஓசை கேட்கும். கையை எடுத்தவுடன் பாரம் கீழே இறங்க முயல, அம்முயற்சியே தட்டுக்களை இறுக்கிப் பாரத்தை நிறுத்திவிடுகின்றது. இறக்கும்போது கைச் சங்கிலியை மறுபுறமாக இழுத்தால் தட்டுக்கள் சிறிது தளர்ந்து பாரம் சற்று இறங்கும்; இழுப்பு நின்றதும் மீண்டும் இறுகும். ஆகவே உயர்த்தும்போது கேட்கவேண்டிய ஓசை கேளாதுபோயின், தடைநாக்கு வேலை செய்யவில்லை என்று அறிந்து உடனே வேலையை நிறுத்தவேண்டும்.

2. ஒருவர் கையே அளவு

சங்கிலிக் கப்பியை உபயோகிப்போர் மனத்தில் முதலாவதாகப் பதிக்கவேண்டிய விதி இதுவே: கைச் சங்கிலியை ஒருவரே இழுக்கவேண்டும்.

கப்பியை ஆக்குவோர் அதன் முழுப் பாரத்தையும் ஒரு மனிதனின் சாதாரண இழுவையால் தூக்கக்கூடியதாகவே பற்சில்லுகளை அமைக்கின்றனர். ஒரு தொன் கப்பிக்கு வேண்டிய இழுவை ஏறக்குறைய 30 முதல் 35 கிலோகிராம் வரையிலாகும். எனவே ஒருவர் முயன்றும் சங்கிலி அசையவில்லையெனின், கப்பி ஏதோ ஒன்றைத் தெரிவிக்கின்றது. பாரம் அளவுக்கு மிஞ்சியிருக்கலாம், பாரம் எதிலாவது சிக்கியிருக்கலாம், சங்கிலி முறுகியிருக்கலாம், அல்லது கப்பி பழுதுற்றிருக்கலாம். இந்நான்கில் எதுவாயினும் அதற்குப் பரிகாரம் இரண்டாவது ஆள் அன்று.

உதாரணமாக ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். கிணற்றடியிற் சேற்றிற் புதைந்த ஒரு பழைய பம்பியை எடுக்கவேண்டியுள்ளது. பம்பியின் நிறை 120 கிலோகிராமே என்பதால், கால் தொன் கப்பி போதுமென எண்ணி மாட்டுகின்றனர். சேறு பம்பியைக் கவ்விப் பிடித்திருக்கின்றது. ஒருவர் இழுக்கச் சங்கிலி அசையாததைக் கண்டு இன்னும் இரு இளைஞர் கைகொடுக்கின்றனர். இப்பொழுது கப்பியின்மேல் ஏறியுள்ள பாரம் 120 கிலோகிராம் அன்று. மூவரின் பலம் பற்சில்லுகளாற் பெருக்கப்பட்டுக் கொளுக்கியிலும் சங்கிலியிலும் வந்து நிற்கின்றது. கொளுக்கி விரிந்தாற் சங்கிலி சாட்டையைப்போல வீசி எழும். சேறு திடீரென விட்டுக்கொடுத்தாற் பம்பி துள்ளி முக்காலியை அசைக்கும். எவ்விதமாயினும் கிணற்றுக்கட்டில் நிற்பவருக்கே ஆபத்து. செய்யவேண்டியது என்னவெனில், இழுப்பதை நிறுத்தி, பம்பியைச் சுற்றியுள்ள சேற்றை வெட்டி நீக்கி, அடியில் நீர் புகும்படி அலவாங்கினால் நெம்பித் தளர்த்திய பின்னர் தூக்குவதேயாம்.

3. பாரத்தை அறிதல்

கப்பியின் உடலிலும் கொளுக்கியிலும் அது தூக்கக்கூடிய பாரம் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்து அழிந்துபோன கப்பியை உபயோகித்தலாகாது. ஆக்குவோர் அப்பாரத்திலும் கூடிய பாரத்தை ஏற்றிக் கப்பியைச் சோதிப்பது வழக்கம். அது கப்பியின் உறுதியை உறுதிப்படுத்துவதற்கேயன்றி, உபயோகிப்போருக்கு அளிக்கப்பட்ட சலுகையன்று.

தூக்கப்படும் பொருளின் நிறையைக் கண்ணால் ஊகிக்காமற் கணக்கிட்டு அறிதல் வேண்டும். சில உதாரணங்கள் வருமாறு:

200 லீற்றர் பீப்பா நிறைய நீர் இருப்பின் அந்நீரின் நிறை 200 கிலோகிராம். அதே பீப்பாவிற் கிணற்றுச் சேறு இருப்பின், சேறு நீரிலும் ஏறக்குறைய 1.8 மடங்கு பாரமுடையதாதலால், சேறு மாத்திரம் 360 கிலோகிராம் ஆகும். பீப்பாவின் நிறையைக் கூட்டினால் ஏறக்குறைய 380 கிலோகிராம். அதாவது ஏறக்குறைய ஏழரை அந்தராகும்.

வெளிவிட்டம் 1.2 மீற்றரும், உயரம் 60 சென்றிமீற்றரும், சுவர்த் தடிப்பு 7.5 சென்றிமீற்றருமான கொங்கிறீற்று வளையமொன்றின் கனவளவு ஏறக்குறைய 0.16 கனமீற்றர். கொங்கிறீற்றின் நிறை கனமீற்றருக்கு 2400 கிலோகிராம் எனக் கொண்டால், வளையம் 380 கிலோகிராமுக்கு மேற்பட்டதாகும். பார்வைக்கு இலேசாகத் தோன்றும் இவ்வளையத்தைக் கால் தொன் கப்பியால் இறக்க முற்படுதல் பெருந் தவறு.

எஞ்சின், பம்பி முதலியவற்றின் நிறை அவற்றின் பெயர்த் தகட்டிலோ கைநூலிலோ குறிக்கப்பட்டிருக்கும். குறிப்பு இல்லாதவிடத்து விற்பனையாளரிடம் கேட்டறியலாம்.

கப்பியின் பலம் மாத்திரம் போதாது. கப்பியைத் தாங்கும் வளை, முக்காலி, பாரத்தைக் கட்டும் கயிறு அல்லது சங்கிலி ஆகிய ஒவ்வொன்றும் அப்பாரத்தைத் தாங்கவேண்டும். ஒரு தொன் கப்பியை அரைத் தொன் முக்காலியில் மாட்டிக் கால் தொன் கயிற்றாற் கட்டினால், அந்த ஏற்பாடு முழுவதும் கால் தொன்னுக்கே தகுதியுடையது. எல்லாவற்றிலும் பலங்குறைந்த உறுப்பின் அளவே முழு ஏற்பாட்டின் அளவாகும்.

4. கப்பியைத் தாங்கும் அமைப்பு

கப்பியை மாமரக் கிளையிலும் முருங்கைக் கொம்பிலும் மாட்டும் வழக்கத்தை முற்றாகக் கைவிடவேண்டும். பச்சைக் கிளை எவ்வளவு பாரத்தைத் தாங்குமென எவராலும் சொல்ல இயலாது. முருங்கையோ முன்னறிவிப்பின்றி முறிவது. வீட்டுக் கூரையையும் கொட்டிற் கூரையையும் தாங்கும் தீராந்திகளும் இவ்வேலைக்கென அமைக்கப்பட்டவையல்ல.

சிறிய கிணறுகளுக்கும் எஞ்சின் வேலைகளுக்கும் இரும்புக் குழாயாலான முக்காலி ஏற்றது. அதன் கால்களுக்கிடையேயுள்ள தூரம் முக்காலியின் உயரத்தில் மூன்றிலிரண்டு பங்குக்குக் குறையாமலும், முழு உயரத்துக்கு மேற்படாமலும் இருத்தல் நன்று. கால்கள் மிக ஒடுங்கினால் முக்காலி சரியும். மிக விரிந்தாற் கால்கள் வெளியே வழுக்கும். கால்களின் அடியை ஒன்றோடொன்று சங்கிலியாற் பிணைத்துவிட்டால் அவை விரியமாட்டா. வலிகாமத்துச் செம்மண்ணைப் போன்ற நிலம் காய்ந்திருக்கும்போது உறுதியாகவும், நனைந்தபின் இளகியும் இருக்குமாதலால், கால்களின் கீழ்த் தடித்த பலகை வைக்கவேண்டும். சுண்ணக்கல் வெளித்தோன்றும் இடங்களிற் கால் வழுக்காதபடி சிறு குழி பொளிந்து அதனுட் காலை இருத்தவேண்டும்.

அகன்ற கிணறுகளுக்கு முக்காலி பொருந்தாது. குறுக்கே உருக்கு வளை இடுவதே தக்கது. வளையின் இரு முனைகளையும் கிணற்றுக்கட்டின்மேல் வைத்தலாகாது. கட்டுக்கு வெளியே, உறுதியான நிலத்தில் அமைத்த தாங்கிகளின்மேல் இருத்திப் புரளாதபடி பிணைக்கவேண்டும். கட்டு, மனிதரும் மாடும் விழாமற் காப்பதற்காகக் கட்டப்பட்டது. தொன் கணக்கான பாரத்தைத் தாங்குவதற்காக அன்று. பனங்குற்றியை வளையாக இடுவோர், வைரமேறிய புறம் பலமுடையதாயினும் உள்ளே கறையான் அரித்திருப்பின் வெளியே தெரியாது என்பதை மறத்தலாகாது. வளையின் அளவை அனுபவமுள்ள கொல்லரிடமோ தொழினுட்ப உத்தியோகத்தரிடமோ கேட்டே முடிவு செய்யவேண்டும்.

மேற்கொளுக்கி வளையில் நேராக மாட்டி, எப்புறமும் தடையின்றி அசையவேண்டும். அப்பொழுதே கப்பி தானாகப் பாரத்துக்கு நேரே வந்து நிற்கும். கொளுக்கியின் நுனியிற் பாரம் விழும்படி மாட்டினாற் கொளுக்கி விரியும்.

5. தூக்குமுன் பார்க்கவேண்டியவை

வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம் செலவிட்டுப் பின்வருவனவற்றைப் பார்க்கவேண்டும்.

கொளுக்கிகள்: வாய் விரிந்துள்ளதா, முறுகியுள்ளதா, வெடிப்பு உண்டா, தாழ் தானாக மூடுகின்றதா எனப் பார்க்கவேண்டும். கப்பி புதிதாயிருக்கும்போதே கொளுக்கியின் வாய்க்கு அளவாக ஒரு தகரத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டாற் பின்னர் விரிவை எளிதில் அறியலாம். முன்னர் இறுக்கமாகப் பொருந்திய துண்டு இப்பொழுது தளர்ந்து ஆடினால், அக்கொளுக்கி ஒரு முறையேனும் அளவுக்கு மிஞ்சிய பாரத்தைத் தாங்கியிருக்கின்றது என்பது பொருள். அதனைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்துதல் கூடாது, மாற்றவே வேண்டும்.

பாரச் சங்கிலி: கண்ணி கண்ணியாகக் கையாற் தடவிப் பார்க்கவேண்டும். வெட்டு, வளைவு, வெடிப்பு, ஆழமான துரு, கண்ணிகள் ஒன்றோடொன்று உராயுமிடத்தில் தேய்வு ஆகியவற்றைக் கவனிக்கவேண்டும். கண்ணிகளின் ஒட்டுக் குறிகள் யாவும் ஒரே ஒழுங்கில் வந்தாற் சங்கிலி முறுகவில்லை எனக் கொள்ளலாம். இரட்டைச் சங்கிலிக் கப்பியிற் கீழ்க்கொளுக்கி சங்கிலிகளுக்கிடையே புரண்டுவிட்டால் முறுக்கு ஏற்படும். அதை நீக்காமற் தூக்கலாகாது.

தடுப்பு: பாரமின்றிக் கைச் சங்கிலியை இழுத்து ஓசையைக் கேட்கவேண்டும்.

கட்டு முனை: பாரச் சங்கிலியின் பாரமற்ற முனை கப்பியின் உடலிற் பத்திரமாகப் பூட்டப்பட்டிருக்கின்றதா எனப் பார்க்கவேண்டும். அது கழன்றிருப்பின் இறக்கும்போது சங்கிலி முழுவதும் ஓடி வெளியே வந்துவிடும்.

6. பாரத்தைக் கட்டுதல்

கப்பியின் பாரச் சங்கிலியையே பொருளைச் சுற்றிக் கட்டி, அதன் கொளுக்கியை அச்சங்கிலியிலேயே மாட்டுதல் பலரிடம் காணப்படும் தவறு. இதனாற் கண்ணிகள் வளைந்து சங்கிலி கெடும். பொருளைக் கட்டுவதற்கு வேறான சங்கிலி, உருக்குக் கம்பிக் கயிறு அல்லது இதற்கென விற்கப்படும் பட்டி இருக்கவேண்டும். பழைய தும்புக் கயிறும், வெயிலில் நாட்பட்ட நைலோன் கயிறும் உதவா. கூரான விளிம்புகளிற் கோணிச் சாக்கை மடித்து வைத்துக் கட்டவேண்டும்.

இரு பக்கமும் பிடித்துத் தூக்கும்போது, இரு கயிறுகளும் சரியும் அளவுக்கு அவற்றின்மேல் ஏறும் இழுவை மிகும். 500 கிலோகிராம் பாரத்தை இரு கயிறுகள் செங்குத்தாகத் தாங்கினால் ஒவ்வொன்றிலும் 250 கிலோகிராம் ஏறும். கயிறு கிடைத்தளத்தோடு 60 பாகைக் கோணத்தில் நின்றால் ஏறக்குறைய 290 ஆகும். 45 பாகையில் 354 ஆகும். 30 பாகையிற் கயிறு ஒவ்வொன்றிலும் 500 கிலோகிராம் ஏறிவிடும். அதாவது இரு கயிறு இட்டும் ஒரு கயிற்றின் பயனே கிடைக்கும். பாகைமானி இல்லாதவருக்கு ஓர் எளிய விதி உண்டு: கட்டிய இரு இடங்களுக்கு இடையேயுள்ள தூரம், ஒரு கயிற்றின் நீளத்திலும் மேற்படாதிருக்கட்டும்.

7. தூக்குதலும் இறக்குதலும்

சாரத்தை மடித்து இறுக்கிக் கட்டவேண்டும். தோளிற் சால்வை இருத்தலாகாது. சிறுவரையும் வேடிக்கை பார்ப்போரையும் அப்பாற் செல்லச் செய்யவேண்டும். வேலையிற் பலர் ஈடுபட்டிருப்பினும் கட்டளை ஒருவருடையதாகவே இருத்தல் வேண்டும். "நிறுத்து" என்னும் சொல்லை மாத்திரம் யாரும் சொல்லலாம். அதைக் கேட்டதும் கைச் சங்கிலியை இழுப்பவர் காரணம் கேளாமல் நிறுத்தவேண்டும்.

முதலிற் சங்கிலியின் தொய்வை மெல்ல எடுக்கவேண்டும். பின் பாரத்தை நான்கு அங்குலம் மாத்திரம் உயர்த்தி நிறுத்தி, கையை விட்டுச் சிறிது நேரம் பார்க்கவேண்டும். பாரம் தானாக இறங்குகின்றதா, முக்காலி அசைகின்றதா, கட்டு நழுவுகின்றதா, பாரம் ஒரு பக்கம் சாய்கின்றதா எனக் கவனித்து, குறையிருப்பின் உடனே இறக்கித் திருத்தவேண்டும். நான்கு அங்குலத்தில் நேரும் தவறு பாரத்துக்கே சேதம். பத்தடியில் நேரும் தவறு உயிருக்குச் சேதம்.

கைச் சங்கிலியை ஒரே சீராக, வெட்டி இழுக்காமல் இழுக்கவேண்டும். மற்றக் கையாற் பாரச் சங்கிலியைப் பிடித்தலாகாது. அது விரலைக் கப்பியினுள் இழுத்துவிடும். கீழ்க்கொளுக்கி கப்பியின் உடலில் முட்டும்வரை உயர்த்துதலும், சங்கிலி முடியும்வரை இறக்குதலும் கூடா. பாரம் தொங்கும் நிலையில் அதைவிட்டு உணவுக்கோ தேநீருக்கோ செல்லுதலாகாது.

சங்கிலிக் கப்பி நேர் மேலே தூக்குவதற்காக அமைந்தது. வயற் சேற்றிற் புதைந்த உழவு இயந்திரத்தை இழுக்கவும், பனை அடிக்கட்டையைப் பிடுங்கவும், பாரத்தைப் பக்கவாட்டில் இழுத்துவரவும் இதை உபயோகித்தாற் சங்கிலி தன் சில்லை விட்டு விலகிப் பற்கள் உடையும், முக்காலியும் சரியும்.

எஞ்சினைத் தூக்கியபின் அதன் கீழ்ப்பகுதியிற் பழுது பார்க்கவேண்டின், மரக்கட்டைகளை அடுக்கி அவற்றின்மேல் எஞ்சினை இருத்திய பின்னரே கையை நீட்டவேண்டும். கப்பி தூக்குவதற்குரியது, தாங்கி வைத்திருப்பதற்குரியதன்று.

8. கிணற்று வேலையிற் சிறப்பாகக் கவனிக்கவேண்டியவை

கிணற்றில் வேலை செய்பவருக்கு விலகி ஓட இடமில்லை. நிலத்தின்மேல் இரண்டடி விலகினால் தப்பிக்கொள்ளும் ஆள், கிணற்றடியில் எங்கு நின்றாலும் பாரத்தின் கீழேயே நிற்கின்றார். ஆகவே பின்வருவன தவறாது கைக்கொள்ளப்படவேண்டும்.

பம்பி, கொங்கிறீற்று வளையம் முதலிய பெரும் பாரங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் கிணற்றினுள் எவரும் இருத்தலாகாது. பாரத்தைக் கொளுக்கியில் மாட்டியபின் மாட்டியவர் மேலே வந்துவிடவேண்டும்; அதன் பின்னரே கைச் சங்கிலியைத் தொடவேண்டும். வளையம் அடியில் அமர்ந்து சங்கிலி தொய்ந்தபின் ஆள் இறங்கி அதைச் சரிசெய்யலாம். இதனாற் செல்லும் நேரம் சிறிது. காக்கப்படுவது ஓர் உயிர்.

கல்லும் சேறும் எடுக்கும்போது வாளியை விளிம்பு வரை நிரப்பாமல், நான்கு விரற்கிடை குறைவாக நிரப்பவேண்டும். மேலேயிருந்து விழும் ஒரு சிறு கல்லும் தலையைப் பிளக்கும். உள்ளே வேலை செய்வோர் பாதுகாப்புத் தொப்பி அணிந்து, வாளி ஏறும்போது சுவரோடு ஒதுங்கி நிற்கவேண்டும். கிணற்றுக்கட்டின்மேல் அலவாங்கு, சாவி, கல் எதையும் வைத்தலாகாது.

வாளியிலோ கொளுக்கியிலோ ஆள் ஏறி இறங்குதல் எக்காரணத்தாலும் கூடாது. சாதாரண சங்கிலிக் கப்பி பொருளைத் தூக்குவதற்கே அமைக்கப்பட்டது. ஆளைத் தூக்குவதற்கு வேண்டிய இரட்டைப் பாதுகாப்பு அதில் இல்லை. ஏறி இறங்குவதற்கு உறுதியான ஏணியை இட்டு, ஆளின் உடலில் வேறொரு பாதுகாப்புக் கயிற்றைக் கட்டி, அதன் முனையை மேலே உறுதியாகப் பிணைத்து ஒருவர் கவனித்திருக்கவேண்டும்.

எஞ்சின் ஓடிய கிணற்றில் நச்சுப்புகை தங்கி நிற்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே கிணற்றினுள் எஞ்சின் ஓடும்போது எவரும் இறங்கலாகாது. நின்றபின்பும் காற்று நன்றாக மாறுமுன் இறங்கலாகாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரை மீட்க மற்றொருவர் உடனே குதித்திறங்குவதால் இருவரும் இறக்க நேரிடும். பாதுகாப்புக் கயிறு முன்னரே கட்டியிருப்பின் மேலிருந்தே அவரை இழுத்தெடுக்கலாம்.

9. பேணுதல்

வேலை முடிந்ததும் சேற்றைத் துணியாலும் தூரிகையாலும் நீக்கவேண்டும். கப்பி நனைந்திருப்பின் நிழலிற் தொங்கவிட்டு நீர் வடியச் செய்து துடைக்கவேண்டும். பாரச் சங்கிலியைச் சுத்தஞ் செய்து, கண்ணிகள் ஒன்றோடொன்று பொருந்துமிடங்களில் மெல்லிய இயந்திர எண்ணெய் பூசவேண்டும். உலர்ந்த சங்கிலி எண்ணெயிட்ட சங்கிலியிலும் மிக விரைவாகத் தேயும்.

தடுப்பின் உராய்வுத் தட்டுக்களில் மாத்திரம் ஒரு துளி எண்ணெயோ கிறீசோ படலாகாது. எல்லா உறுப்புக்கும் எண்ணெய் நல்லது என்னும் எண்ணத்தால் மூடியின் இடுக்குகளில் எண்ணெய் ஊற்றுவோர், பாரத்தைப் பிடித்து நிறுத்தும் உராய்வையே அழித்துவிடுகின்றனர். கைச் சங்கிலிக்கும் எண்ணெய் வேண்டாம். அது கையில் வழுக்கும்.

கப்பியை நிலத்திற் போடாமல், காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்திற் தொங்கவிடவேண்டும். உரச் சாக்கும் கிருமிநாசினியும் வைக்கும் அறை ஏற்றதன்று. உரத்தின் உப்பு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். கடலோரக் கிராமங்களில் உப்புக் காற்றினாலும் இதே கேடு விளையுமாதலால் சங்கிலியை எண்ணெய்த் துணியாற் சுற்றி வைக்கவேண்டும். எறிதலும், உயரத்திலிருந்து விழவிடுதலும், சங்கிலியிற் பிடித்து நிலத்தில் இழுத்துச் செல்லுதலும் கூடா.

ஆண்டுக்கொருமுறை, காலபோக உழவு தொடங்குமுன், சங்கிலியின் நீளத்தை அளந்து பார்க்கவேண்டும். கப்பி புதிதாயிருக்கும்போது, அதிகம் உபயோகப்படும் பகுதியிற் பதினொரு கண்ணிகளின் நீளத்தை அளந்து ஏட்டிற் குறித்து வைக்கவேண்டும். பின்னர் அதே பதினொரு கண்ணிகளை அளக்கும்போது, ஆக்கியோர் கைநூலிற் குறித்த எல்லையிலும் நீண்டிருந்தாற் சங்கிலியை மாற்றவேண்டும். கைநூல் இல்லாதவிடத்து, நூற்றுக்கு இரண்டரைப் பங்கு நீட்சியை எல்லையாகக் கொள்ளலாம். உதாரணமாக 200 மில்லிமீற்றர் இருந்த பகுதி 205 மில்லிமீற்றர் ஆகிவிட்டால் அச்சங்கிலியின் காலம் முடிந்தது.

அறுந்த கண்ணியை ஒட்டி இணைத்தலும், ஆணியும் சுரையும் இட்டுப் பொருத்துதலும், கடையில் விற்கும் சாதாரண இரும்புச் சங்கிலியை மாற்றி இடுதலும் பேராபத்து. பாரச் சங்கிலி விசேட உருக்கினாற் செய்து பதமிடப்பட்டது. ஒட்டும்போது எழும் வெப்பம் அப்பதத்தைக் கெடுத்துவிடும். தடுப்பைக் கழற்றித் திருத்தும் வேலையைப் பழகிய தொழிலாளியிடமே ஒப்படைக்கவேண்டும். ஐயத்துக்கிடமான கப்பியிற் "பழுது" என எழுதிய அட்டையைக் கட்டி, வேறு எவரும் அறியாது எடுத்து உபயோகிக்காதபடி பூட்டி வைக்கவேண்டும். இரவலாகவோ கூலிக்கோ எடுத்துவந்த கப்பியாயினும், மேலே ஐந்தாம் பிரிவிற் கூறிய பரிசோதனையைச் செய்யாமல் உபயோகிக்கலாகாது. முன்னர் அதை உபயோகித்தவர் என்ன பாரத்தை ஏற்றினார் என்பது கப்பிக்கு மாத்திரமே தெரியும். கொளுக்கியையும் சங்கிலியையும் பார்த்தே அதை நாம் அறியமுடியும்.

10. சுருக்கம்

கப்பியருகிற் சுவரில் எழுதி வைக்கத்தக்கவை இவை:

(அ) பாரத்தைக் கணக்கிட்டறிந்து தூக்குக.
(ஆ) கைச் சங்கிலியை ஒருவரே இழுக்க. அவரால் இயலாதாயின் காரணத்தைத் தேடுக.
(இ) நான்கு அங்குலம் உயர்த்தி நிறுத்திப் பார்க்க.
(ஈ) பெரும் பாரத்தின் கீழ் எவரும் நில்லற்க. கிணற்றினுள் எவரும் இருக்கற்க.
(உ) கொளுக்கியில் ஆள் ஏறற்க.
(ஊ) பாரச் சங்கிலிக்கு எண்ணெய் இடுக, தடுப்புக்கு இடற்க.
(எ) விரிந்த கொளுக்கியையும் நீண்ட சங்கிலியையும் மாற்றுக.

கிணற்றை ஆழமாக்குவதும் பம்பியைத் திருத்துவதும் பயிருக்கு நீர் கிடைப்பதற்காகவே. அந்நீரைப் பாய்ச்ச வேண்டிய கையும், அப்பயிரை அறுக்க வேண்டிய கையும் வேலை முடிந்து நலமாக வீடு திரும்புமாறு பார்த்துக்கொள்வதும் கமத்தொழிலின் ஒரு பகுதியே. மேலதிக விபரங்களைத் தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்துகொள்ளலாம்.